கடலடியில் ஒரு கணக்குப்பிள்ளை

மீனுக்குக் கடல் சொந்த வீடு. மனிதனுக்கோ அது விருந்துக்குப் போகும் வீடு. விருந்தினன் எவ்வளவு நேரம் தங்கலாம், எப்போது விடைபெற வேண்டும் என்பதை அறிந்து நடந்துகொண்டால்தான் அவனுக்கு மரியாதை. கடலைப் பொறுத்தவரையில் இது மரியாதையைப் பற்றிய விஷயம் மாத்திரம் அன்று. உயிரைப் பற்றிய விஷயமும் ஆகும்.

முதுகில் காற்றுக் கலத்தைச் சுமந்துகொண்டு, மேலிருந்து குழாயோ கயிறோ இல்லாமல், நீருக்கடியில் மூச்சுவிட்டபடியே நீந்தும் முறையை ஸ்கூபா என்கிறோம். பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ழாக் கூஸ்தோ, எமில் கான்யான் என்ற இருவரும் 1943 ஆம் ஆண்டில் இதற்கு ஏற்ற கருவியை அமைத்துக் காட்டினர். இன்று இம்முறையில் மூழ்குவோரின் மணிக்கட்டில் கடிகாரம் போன்ற சிறிய கருவி ஒன்றைக் காணலாம். அதுவே மூழ்குவோரின் கணிப்பொறி. இப்போது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், இறங்கி எத்தனை நிமிஷம் ஆயிற்று, இன்னும் எத்தனை நிமிஷம் இங்கே தங்கலாம், எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும், வழியில் எங்கே நிற்க வேண்டும் என்றெல்லாம் அது ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. இக்கருவியை மூழ்குவோர் எந்த அளவுக்குப் புரிந்துகொள்ள வேண்டும், எந்த அளவுக்கு நம்ப வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

நான் பௌதிகம் போதிக்கும் ஆசிரியன்; கடலில் மூழ்கிப் பழகியவன் அல்லன். எனினும் என்னிடம் படித்து, பின்னர் ஸ்கூபாப் பயிற்சி பெற்ற மாணவர் ஒருவர் தம்முடைய கணிப்பொறியை என் மேசைமீது வைத்து, "ஐயா, இது என் உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜனை எப்படி அளக்கிறது?" என்று கேட்டார். "அளக்கவே இல்லை" என்றேன். அவர் திகைத்தார். தம் உயிரையே ஒப்படைத்திருக்கும் கருவி, தாம் நினைத்த வேலையைச் செய்யவில்லை என்றால் யாருக்குத்தான் திகைப்பு உண்டாகாது? அந்த விடையைச் சற்று விரித்துரைத்தால் இன்றைய பொருள் முழுவதும் விளங்கிவிடும்.

நைட்ரஜன் இக்கதையில் எப்படி வந்து சேர்ந்தது? நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். பிராணவாயுவை உடல் செலவிடுகிறது, நைட்ரஜனைச் செலவிடுவதில்லை. வந்த நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் சிறிதளவு கரைந்து சும்மா இருக்கிறது. கடல்மட்டத்தில் நம்மீது இருப்பது ஒரு வாயுமண்டல அழுத்தம். கடல்நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் மேலும் ஒரு வாயுமண்டல அழுத்தம் கூடும். ஆகவே 20 மீட்டர் ஆழத்தில் மூன்று மடங்கு. 30 மீட்டரில் நான்கு மடங்கு. மூழ்குவோரின் கருவி, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்திலேயே காற்றைக் கொடுக்கிறது. அப்படிக் கொடுக்காவிட்டால் மார்பை விரித்து மூச்சை இழுக்கவே முடியாது. ஒரு வாயுவின் அழுத்தம் எவ்வளவுக்கு உயருகிறதோ அவ்வளவுக்கு அது திரவத்தில் மிகுதியாகக் கரையும் என்ற ஹென்றியின் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். ஆழத்தில் தங்கத் தங்க உடலில் நைட்ரஜன் கரைந்துகொண்டே போகிறது.

கரைந்தது வெளியேற வேண்டுமே! சோடாப் புட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும்வரை உள்ளே குமிழி தெரிவதில்லை. கோலியைச் சட்டென்று அழுத்தினால் குபுகுபுவென்று பொங்கி வழிகிறது. மெல்ல மெல்லக் காற்றை விட்டால் பொங்குவதில்லை. மூழ்கியவர் ஆழத்திலிருந்து விரைந்து ஏறினால் அவருடைய உடலே திறந்த சோடாப் புட்டியாகிவிடுகிறது. குமிழிகள் மூட்டுகளில் தங்கினால் வலி. முதுகுத்தண்டைத் தாக்கினால் கால்கள் செயலற்றுப் போகலாம். மூளையைத் தாக்கினால் உயிருக்கே ஆபத்து. இதுதான் அழுத்தக் குறைவு நோய்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் ஒரே ஒரு மூச்சுக் காற்றோடு இறங்கி, ஓரிரு நிமிஷங்களில் மேலே வந்துவிட்டார்கள். அவ்வளவில் கரையும் நைட்ரஜன் மிகச் சொற்பம். ஆழத்திலேயே மூச்சுவிட்டுக்கொண்டு நெடுநேரம் தங்கும் வழியை மனிதன் கண்டுபிடித்த பின்னரே இந்நோய் அவனைப் பெரிதும் பற்றிக்கொண்டது. 19 ஆம் நூற்றாண்டில் பாலங்களுக்கு அஸ்திவாரம் போடுவதற்காக, அடிப்புறம் திறந்த பெரும் பெட்டிகளை ஆற்றுப்படுகையில் இறக்கி, நீர் புகாதபடி அழுத்தமான காற்றைச் செலுத்தி, அவற்றினுள்ளே தொழிலாளரை வேலை வாங்கினர். வேலை முடிந்து வெளியே வந்தவர்களுள் சிலர் வலியால் உடல் வளைந்து துடித்தனர், சிலர் முடமாயினர், சிலர் இறந்தனர். நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872 இல் இந்நோய்க்கு ஆளானார். 1883 இல் பாலம் திறக்கப்படும்வரையில் அவர் பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே வேலையை நடத்த நேர்ந்தது. அவருடைய கட்டளைகளைப் பொறியாளர்களிடம் கொண்டு சேர்த்தவர் அவர் மனைவி எமிலி. இந்நோய்க்கு நைட்ரஜன் குமிழிகளே காரணம் என்பதை, பிரெஞ்சு விஞ்ஞானி பால் பேர் 1878 இல் வெளியிட்ட பெருநூலில் நிலைநாட்டினார்.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் தங்கலாம், எப்படி ஏற வேண்டும் என்பதற்குக் கணக்கு வேண்டுமே! அக்கணக்கை முதலில் வகுத்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் ஸ்காட்லாந்து உடலியல் அறிஞர். கடற்படையின் வேண்டுகோளின்படி அவரும் அவருடைய தோழர்களும் 80க்கு மேற்பட்ட வெள்ளாடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்தனர். அழுத்தத்தைக் குறைத்தவுடன் ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டினால் நோய் வந்துவிட்டது என்று பொருள். வாயில்லாப் பிராணியின் தூக்கிய கால்தான் அன்றைய அளவுகோல். அவர்களுடைய முடிவுகள் 1908 இல் வெளிவந்தன.

ஹால்டேன் செய்த யுக்தி எளியது. நம் வீட்டுச் சமையலறையில் அவல் சில நிமிஷங்களில் ஊறிவிடுகிறது. அரிசிக்குச் சில மணி நேரம் வேண்டும். கொண்டைக்கடலைக்கு ஓர் இரவு வேண்டும். அதுபோல் உடலின் சில பகுதிகள் நைட்ரஜனை விரைவில் ஏற்கும். சில மெதுவாக ஏற்கும். இரத்தவோட்டம் மிகுந்த பகுதி அவலைப் போன்றது. இரத்தவோட்டம் குறைந்த பகுதி கடலையைப் போன்றது. ஹால்டேன் உடலை ஐந்து பகுதிகளாகப் பிரித்துக் கற்பித்துக்கொண்டார். அவற்றின் அரை நேரங்கள் 5, 10, 20, 40, 75 நிமிஷங்கள் என வைத்தார். அரை நேரம் என்றால், ஏற்க வேண்டிய நைட்ரஜனில் பாதியை ஏற்பதற்கு ஆகும் நேரம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். கடல்மட்டத்தில் உடலிலுள்ள நைட்ரஜனின் அழுத்தத்தை 0.8 வாயுமண்டலம் என்று கொள்வோம். 20 மீட்டர் ஆழத்தில் சுவாசிக்கும் காற்றில் நைட்ரஜனின் அழுத்தம் அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது 2.4. இடைவெளி 1.6. ஐந்து நிமிஷப் பகுதியில், முதல் 5 நிமிஷத்தில் இந்த இடைவெளியில் பாதி நிரம்பி அழுத்தம் 1.6 ஆகும், அடுத்த 5 நிமிஷத்தில் எஞ்சியதில் பாதி நிரம்பி 2.0 ஆகும், அதற்கடுத்த 5 நிமிஷத்தில் 2.2 ஆகும். ஆனால் நாற்பது நிமிஷப் பகுதியோ 1.6 ஐ எட்டுவதற்கே 40 நிமிஷம் எடுத்துக்கொள்ளும். மேலே ஏறும்போதும் இதே வகையில் நைட்ரஜன் வெளியேறும். எந்தப் பகுதியிலும் அழுத்தம் குறிப்பிட்ட எல்லையை மீறாமல் படிப்படியாக நின்று நின்று ஏற வேண்டும் என்பதே ஹால்டேனின் விதி.

இங்கே ஒன்றை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இந்த ஐந்து பகுதிகளும் ஈரல், எலும்பு, மூளை என்று கத்தியால் அறுத்துக் காட்டக்கூடிய உறுப்புகள் அல்ல. கணக்குக்காகக் கற்பித்துக்கொண்டவை. கற்பனைதான், ஆனால் ஆடுகளையும் மனிதர்களையும் வைத்துச் சோதித்துப் பார்த்த கற்பனை.

ஹால்டேனுக்குப் பிறகு வந்தவர்கள் இக்கணக்கைத் திருத்தினர். ஆனால் அடிப்படையை மாற்றவில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வோர் ஆழத்திலும் தனித்தனி எல்லை வகுக்கும் முறையை அமெரிக்கக் கடற்படையின் மருத்துவர் ராபர்ட் வொர்க்மன் 1965 இல் வெளியிட்டார். சூரிச் நகரப் பேராசிரியர் ஆல்பர்ட் பியூல்மன், பகுதிகளை 16 ஆகப் பெருக்கினார். அவற்றுள் மிக மெதுவானதன் அரை நேரம் 635 நிமிஷம், அதாவது பத்து மணி நேரத்துக்கும் மேல். இன்றைய கணிப்பொறிகள் பலவற்றின் உள்ளே ஓடிக்கொண்டிருப்பது பியூல்மனின் இந்தக் கணக்குத்தான்.

நெடுங்காலம் இக்கணக்குகள் அச்சிட்ட அட்டவணைகளாகவே பயன்பட்டன. அட்டவணைக்கு ஒரு குறை உண்டு. 30 மீட்டர் ஆழத்தில் 5 நிமிஷம் இருந்து, மீதி நேரமெல்லாம் 10 மீட்டரில் உலாவியவரையும், முழு நேரமும் 30 மீட்டரிலேயே இருந்தவரையும் அது ஒன்றாகவே கருதும். உண்மையான பாதையைத் தொடர்ந்து வந்து கணக்கிடும் கருவி ஒன்று வேண்டும் என்ற ஆசை இதனால் எழுந்தது. 1959 இல் இத்தாலியில் செய்யப்பட்ட கருவி ஒன்றில், நுண்துளைகளுள்ள பீங்கானின் வழியே வாயு மெல்லக் கசிந்து, உடலின் ஒரு பகுதியைப் போல் நடித்துக் காட்டியது. 1983 இல் மின்னணுக் கணிப்பொறிகள் கடைக்கு வந்தன. சில நொடிகளுக்கு ஒருமுறை ஆழத்தைப் பார்த்து, எல்லாப் பகுதிகளுக்கும் புதிதாகக் கணக்கிட்டு விடை சொல்லும் வேலையை அவை மேற்கொண்டன.

இனி, என் மாணவரின் கேள்விக்கு வருவோம். இக்கருவி உண்மையில் எவற்றை அளக்கிறது? நீரின் அழுத்தத்தை அளக்கிறது, நேரத்தை அளக்கிறது. நீரின் வெப்பநிலையையும், சில கருவிகள் காற்றுக் கலத்தில் மிஞ்சியுள்ள அழுத்தத்தையும் அளக்கின்றன. அவ்வளவே. உடலோடு அதற்குள்ள உறவெல்லாம் கைப்பட்டை ஒன்றுதான். அதைக் கழற்றி, கயிற்றில் கட்டி, தனியே 30 மீட்டர் ஆழத்துக்கு இறக்குங்கள். அங்கேயும் அது நைட்ரஜன் கணக்கை ஒழுங்காக எழுதிக்கொண்டுதான் இருக்கும். நேரம் ஆயிற்று என்று எச்சரிக்கவும் செய்யும். கயிற்றின் நுனியில் ஆள் இல்லை என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே இதைப் பண்ணையின் கணக்குப்பிள்ளைக்கு ஒப்பிடலாம். அவர் நேர்மையானவர், கூட்டலில் தவறாதவர், தூங்காதவர். ஆனால் வயலில் கால் வைத்ததில்லை. ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று முன்னோர் எழுதிவைத்த விகிதப்படி விளைச்சலைக் கணக்கிட்டுச் சொல்கிறார். அந்த வருஷம் பூச்சி விழுந்ததா, வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்பது ஏட்டில் இல்லை.

மற்றோர் உவமையும் சொல்லலாம். பஞ்சாங்கத்தில் கிரகணமும் எழுதியிருக்கிறது, மழையும் எழுதியிருக்கிறது. கிரகணம் குறித்த வேளையில் வருகிறது. மழை அப்படி வருவதில்லை. இரண்டும் ஒரே புத்தகத்தில், ஒரே எழுத்தில் அச்சாகியிருப்பதால் இரண்டுக்கும் ஒரே உறுதி உண்டு என்று எண்ணுவது நம் பிழை. கணிப்பொறியின் முகப்பிலும் அப்படித்தான். ஆழம் 18 மீட்டர் என்பது கிரகணத்தைச் சேர்ந்தது. இன்னும் 12 நிமிஷம் தங்கலாம் என்பது மழையைச் சேர்ந்தது. எழுத்து ஒன்றாக இருக்கலாம், உறுதி ஒன்றன்று.

ஏட்டில் இல்லாதவை எவை? முதலாவது, உடலுக்கு உடல் உள்ள வேறுபாடு. கருவில் இருக்கும்போது நம் எல்லோருடைய இதயத்திலும் மேலறைகள் இரண்டுக்கும் இடையே ஒரு வழி இருக்கிறது. பிறந்த பின் அது மூடிக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அது முழுவதும் மூடிக்கொள்வதில்லை. அவர்களுள் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் அதை அறியாமலே சுகமாக இருப்பார்கள். ஆனால் மூழ்கி எழுந்தபின் சிரை இரத்தத்தில் வரும் குமிழிகள், நுரையீரலில் வடிகட்டப்படாமல், அவ்வழியே நேராகத் தமனிக்குள் புகுந்துவிடக்கூடும். இது கணிப்பொறிக்குத் தெரியாது.

இரண்டாவது, குளிரும் சூடும். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் 2007 இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், ஆழத்தில் வெதுவெதுப்பாக வேலை செய்து, ஏறும்போது குளிர்ந்திருந்தவர்களுக்கு நோய் மிகுதியாக வந்தது. ஆழத்தில் குளிர்ந்து, ஏறும்போது வெதுவெதுப்பாக இருந்தவர்களுக்கு மிகக் குறைவாகவே வந்தது. காரணம் எளிது. வெப்பத்தில் இரத்தவோட்டம் மிகுந்து நைட்ரஜன் நிறைய உள்ளே போகிறது; குளிரில் இரத்தவோட்டம் சுருங்கி அது வெளியே வரத் தயங்குகிறது. கணிப்பொறி அளப்பது நீரின் வெப்பநிலையைத்தான். உடை உடுத்தியவரின் உடல் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை அன்று. மூன்றாவது, உழைப்பு. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தியவருக்கும் சும்மா மிதந்தவருக்கும் ஒரே கணக்கைத்தான் பெரும்பாலான கருவிகள் எழுதுகின்றன.

மேலும், எல்லை என்று நாம் சொல்வது மதிற்சுவர் அன்று. ஒருபுறம் முழுப் பத்திரம், மறுபுறம் முழு ஆபத்து என்று பிரித்து வைக்கும் கோடு இயற்கையில் இல்லை. ஆபத்து சிறுகச் சிறுகக் கூடுகிறது. எங்கேயோ ஓரிடத்தில் மனிதன் கோடு கிழித்துக்கொள்கிறான். 60 அடி ஆழத்தில் இடையில் நில்லாமல் ஏறுவதற்கு அமெரிக்கக் கடற்படையின் 1957 ஆம் ஆண்டு அட்டவணை 60 நிமிஷம் அனுமதித்தது. பொழுதுபோக்காக மூழ்குவோருக்கென்று 1988 இல் வந்த அட்டவணை ஒன்று 55 நிமிஷந்தான் அனுமதித்தது. 100 அடிக்கு முன்னது 25 நிமிஷம். பின்னது 20 நிமிஷம். எது சரி? இரண்டும் சரியே. கோடு கிழித்தவர்கள் எவ்வளவு துணிவை ஏற்றுக்கொண்டார்கள் என்பதில்தான் வேறுபாடு. ஒரே படகிலிருந்து ஒன்றாக இறங்கிய இருவரின் கணிப்பொறிகள் வெவ்வேறு நிமிஷம் காட்டுவதும் இதனால்தான்.

சில எண்களின் பிறப்பைக் கேட்டால் நமக்கு வியப்பாக இருக்கும். நிமிஷத்துக்கு 60 அடி வீதம் ஏறலாம் என்பது நெடுங்காலம் வழங்கிய விதி. 1950களில் அமெரிக்கக் கடற்படையில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, இலகுவாக நீந்தும் வீரர்கள் நிமிஷத்துக்கு 100 அடியும் அதற்கு மேலும் கேட்டனர். கனத்த உலோகக் கவசம் பூண்டு மூழ்குவோரின் தரப்பினர் அவ்வேகம் நடவாது என்றனர். இருதரப்பும் இறங்கி வந்து 60 என்று முடித்துக்கொண்டனர். நொடிக்கு ஓரடி என்பதால் நினைவில் வைக்கவும் எளிதாயிற்று. பின்னாளில் அதே கடற்படை அதனை 30 அடியாகக் குறைத்தது. விஞ்ஞான எண்போல் தோன்றியது, உண்மையில் ஒரு பஞ்சாயத்துத் தீர்ப்பு!

அறிவுக்குப் பொருத்தமாகத் தோன்றும் கணக்கும் சோதனையில் தோற்கக்கூடும். குமிழிகளைத் தொடக்கத்திலேயே அடக்கிவிட்டால் நல்லது என்ற எண்ணத்தில், ஏறும்போது ஆழமான இடங்களிலேயே முதலில் நிற்க வேண்டும் என்ற முறை ஒரு காலத்தில் மிகவும் மதிக்கப்பட்டது; பல கணிப்பொறிகளிலும் இடம்பெற்றது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் இதைச் சோதித்து 2011 இல் முடிவை வெளியிட்டது. 170 அடி ஆழம், 30 நிமிஷம். ஏறுவதற்கு எடுத்துக்கொண்ட மொத்த நேரம் இரு சாராருக்கும் ஒன்றே. நிற்கும் இடங்கள் மாத்திரம் வேறு. ஆழத்தில் மிகுதியாக நின்றவர்களிடையே 198 மூழ்கல்களில் 10 பேருக்கு நோய் வந்தது. மேற்பகுதியில் மிகுதியாக நின்றவர்களிடையே 192 மூழ்கல்களில் 3 பேருக்கே வந்தது. ஆழத்தில் நிற்கும்போது, மெதுவான பகுதிகள், நம் கொண்டைக்கடலைகள், இன்னும் ஊறிக்கொண்டே இருக்கின்றன என்பதுதான் விளக்கம்.

கருவியின் கணக்கிலேயே பிழை புகுவதும் உண்டு. பிராணவாயுவை மிகுத்து நைட்ரஜனைக் குறைத்த கலவைக் காற்றைச் சிலர் சுவாசித்து மூழ்குவர். அதற்கென்று 1990களில் விற்கப்பட்ட கணிப்பொறி மாதிரி ஒன்று, மூழ்கியவர் படகில் ஏறி ஓய்வெடுக்கும்போதும் அதே கலவையைச் சுவாசிப்பதாகக் கணக்கிட்டுவிட்டது. அவரோ சாதாரணக் காற்றைத்தான் சுவாசித்துக்கொண்டிருந்தார். நைட்ரஜன் உண்மையைவிட விரைவில் வெளியேறிவிட்டதாக ஏட்டில் எழுதப்பட்டது. அடுத்த முறை மூழ்கும்போது தங்கலாம் என்று காட்டிய நேரம் மிகையாயிற்று. 2003 இல் அக்கருவிகள் திரும்பப் பெறப்பட்டன. அழுத்தத்தையும் நேரத்தையும் அவை சரியாகவே அளந்தன. தவறு, அளவில் இல்லை. எடுத்துக்கொண்ட அனுமானத்தில் இருந்தது.

இவ்வளவும் கேட்டபின், "அப்படியானால் இக்கருவியை நம்பவே வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். அது மறுகோடியில் உள்ள பிழை. 30 மீட்டருக்கு அப்பால் இறங்கியவரின் மூளையை நைட்ரஜன் மயக்கத் தொடங்கும். மது அருந்தியவனைப்போல் அவர் தெளிவிழப்பார். அந்நிலையில் மனக்கணக்குப் போட்டு அட்டவணையைப் பின்பற்றுவதைவிட, மயங்காத கருவியைப் பார்ப்பது எத்தனையோ மேல். ஆழத்தையும் நேரத்தையும் ஏறும் வேகத்தையும் அதைப்போல் துல்லியமாக உணர மனிதப் புலன்களால் ஆகாது. "மிகவும் வேகமாக ஏறுகிறாய்" என்று அது ஒலி எழுப்பினால் உடனே பணிய வேண்டும். கணிப்பொறி "நில்" என்றால் நின்றே ஆக வேண்டும். அது "போகலாம்" என்று சொல்லும்போதுதான் யோசனை வேண்டும். தடுக்கும் வார்த்தையை முழுவதும் கேள். அனுமதிக்கும் வார்த்தையைக் குறைத்துக் கேள் என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

இதிலிருந்து நடைமுறை விதிகள் தாமாகவே பிறக்கின்றன. கணக்கு அந்தக் கணக்குப்பிள்ளையின் ஏட்டில் தொடர்ந்து எழுதப்பட்டாலன்றிப் பொருளற்றது. ஆகவே ஒவ்வொருவருக்கும் தனிக் கருவி வேண்டும். துணைவரின் கருவியைப் பார்த்து ஏறுவதும், காலையில் ஒன்று மாலையில் ஒன்று என மாற்றிக் கட்டுவதும் கூடா. எந்தக் காற்றைச் சுவாசிக்கப் போகிறோம் என்பதைக் கருவிக்குச் சரியாகச் சொல்ல வேண்டும்; பொய்யான தகவலைக் கொடுத்தால் மெய்யான விடை வாராது. மீதி நிமிஷம் பூஜ்யமாகும்வரை காத்திராமல், சில நிமிஷங்களை மிச்சம் வைத்தே ஏற வேண்டும். ஏறும் வழியில் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிஷம் நிற்கும் வழக்கத்தைக் கைவிடக் கூடாது. குளிர், களைப்பு, கடும் உழைப்பு இருந்த நாளில் எல்லையை இன்னும் சுருக்கிக்கொள்ள வேண்டும். விமானத்தினுள்ளே அழுத்தம் தரையைவிடக் குறைவு. ஆகவே ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அறிவுரை. வழியில் கட்டாயமாக நின்று ஏறும்படி மூழ்கியவர் இதைவிட நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலான விதி ஒன்று உண்டு. கணிப்பொறியின் எல்லைக்குள்ளேயே மூழ்கி எழுந்தும் நோய்வாய்ப்பட்டவர்கள் உண்டு. கரையேறியபின் தோளில் வலி, காலில் மரமரப்பு, தாங்க முடியாத சோர்வு, தலைச்சுற்றல். பாதிக்கப்பட்டவர் கருவியைப் பார்க்கிறார். அது எல்லாம் சரி என்கிறது. "அப்படியானால் இது அந்த நோயாக இருக்க முடியாது, சுளுக்காக இருக்கும்" என்று படுத்துவிடுகிறார். கருவியின் மீது வைத்த நம்பிக்கை, கடலில் செய்யாத தீங்கைக் கரையில் செய்துவிடுகிறது. ஏனெனில் இந்நோயில் காலம் கடத்துவது கேட்டை நிலைக்கச் செய்யக்கூடும். உடனே சுத்தப் பிராணவாயு கொடுத்து, மருத்துவரிடம் கொண்டு சென்று, அழுத்த அறையில் சிகிச்சை செய்தால் பெரும்பாலோர் தேறுகின்றனர். ஏட்டுக்கும் வயலுக்கும் முரண்பாடு வந்தால் வயல் சொல்வதே உண்மை. உடல் ஒன்று சொல்லிக் கருவி வேறொன்று சொன்னால் உடலையே நம்ப வேண்டும்.

கணிப்பொறியின் சமன்பாடுகள் எல்லாவற்றையும் மூழ்குவோர் ஒவ்வொருவரும் போட்டுப் பழக வேண்டியதில்லை. ஆனால் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். இது எதை அளக்கிறது? எதை அனுமானிக்கிறது? அந்த அனுமானம் எவரை வைத்து எப்படிச் சோதிக்கப்பட்டது? இம்மூன்றும் தெரியாமல் நம்புவது குருட்டு நம்பிக்கை. இம்மூன்றும் தெரியாமல் நம்ப மறுப்பது வெறும் வீம்பு.

மாணவர்களே, உங்களுள் சிலரே கடலில் மூழ்கப் போகிறவர்கள். ஆனால் கணக்கிட்டுச் சொல்லும் கருவிகளின் நடுவேதான் நீங்கள் எல்லோரும் வாழப் போகிறீர்கள். நோயைக் கணிக்கும் கருவி, வழியைக் காட்டும் கருவி, புயல் வரும் திசையைச் சொல்லும் கருவி என்று அவை பெருகிக்கொண்டே வருகின்றன. அவை ஒவ்வொன்றிடமும் இம்மூன்று கேள்விகளையும் கேட்டுப் பழகுங்கள். விடை கிடைத்த அளவுக்கு நம்புங்கள். கிடைக்காத அளவுக்கு எச்சரிக்கையாக இருங்கள்.